தாத்தா, பேரப்பிள்ளை, மாடல் ரயில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்கு ஏழு வயதாக இருந்தபோது தாத்தா பரணிலிருந்து ஒரு மரப்பெட்டியை இறக்கினார். பழைய வேட்டித் துணியில் சுற்றிய ஓர் எஞ்சின், நான்கு பெட்டிகள், கறுத்துப்போன பித்தளைத் தண்டவாளம். அவர் இருந்தவரை, பதினாறு வருடம், அதை நாங்கள் இருவரும் சேர்ந்து ஓட்டினோம். இப்போது என் மகன் அதே எஞ்சினை என் அப்பாவோடு ஓட்டுகிறான். பேத்தியாகவும் இருந்திருக்கிறேன், நடுவில் நிற்கும் தலைமுறையாகவும் இருக்கிறேன். அதனால் தெரிந்தவர்கள் பலர் இதைப் பற்றி என்னிடம் கேட்பார்கள். அப்படித் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

தாத்தாவுக்கு ஒரு காலத்தில் ரயில் என்றால் உயிராம். இப்போது அதைப் பற்றிப் பேசுவதே இல்லை. எப்படி ஆரம்பிப்பது?

"உங்களுக்குப் பொழுது போகட்டும்னு வாங்கிட்டு வந்தேன்" என்று புதுப் பெட்டியைக் கையில் கொடுக்காதீர்கள். வயதானவர்கள் பலருக்கு அது தன்னைச் சும்மா உட்கார வைக்கிற காரியமாகத் தோன்றும். உதவி கேட்டுப் போங்கள். "தாத்தா, இந்தப் பாயிண்ட் ஒட்டிக்கிட்டு நகர மாட்டேங்குது, என்ன பண்றது?" இது போதும். (பாயிண்ட் என்பது ரயிலை ஒரு பாதையிலிருந்து இன்னொரு பாதைக்குத் திருப்பிவிடும் தண்டவாளப் பகுதி.) அவர் கண்ணாடியைத் தேட ஆரம்பித்தால் வேலை ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

பழைய பெட்டி வீட்டில் இருந்தால், நீங்களாகத் திறந்து துடைத்து அடுக்கி வைத்து அவரை அசத்த நினைக்க வேண்டாம். அவரே திறக்கட்டும். எதை எதில் சுற்றினார், எந்தத் திருகாணி ஏன் தனியாகக் கிடக்கிறது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். என் தாத்தாவின் பெட்டியில் ஒரு தீப்பெட்டி இருந்தது. உள்ளே மயிரிழை கனத்தில் மூன்று ஸ்பிரிங். நான் திறந்திருந்தால் குப்பைக்குப் போயிருக்கும். மோட்டாருக்குள் மின்சாரத்தைக் கடத்துகிற கார்பன் பிரஷ்ஷை அழுத்திப் பிடிக்கிற ஸ்பிரிங்குகள் அவை. அவை இல்லாவிட்டால் அந்த எஞ்சின் ஓர் அங்குலம்கூட நகர்ந்திருக்காது.

பரணிலிருந்து எடுத்த பழைய ரயிலை அப்படியே கரண்டில் மாட்டி ஓட்டிப் பார்க்கலாமா?

கூடாது. முதலில் அது எந்த வகை என்று பாருங்கள். எஞ்சின் பக்கவாட்டில் சாவித் துளை இருந்தால் கரண்டே வேண்டாம், அது சாவி கொடுத்து ஓட்டுகிற ரயில். இங்கிலாந்தில் ஃபிராங்க் ஹார்ன்பியின் நிறுவனம் 1920-ல் வெளியிட்ட முதல் ரயில்கள் அந்த வகைதான். தண்டவாளத்தின் நடுவில் மூன்றாவது கம்பியோ, கட்டைகளின் நடுவே வரிசையாகச் சின்னச் சின்ன உலோகப் புள்ளிகளோ இருந்தால் பெரும்பாலும் அது ஏசி மின்சாரத்தில், அதாவது திசை மாறி மாறிப் பாயும் மின்சாரத்தில், ஓடுவது. 1900-ல் தொடங்கிய அமெரிக்காவின் லயனல், ஜெர்மனியின் மேர்க்லின் ஆகிய இரு நிறுவனங்களின் ரயில்களும் இந்த வழியில் வந்தவை. வெறும் இரண்டு கம்பி என்றால் பெரும்பாலும் 12 வோல்ட் டிசி, அதாவது ஒரே திசையில் பாயும் மின்சாரம்.

"பெரும்பாலும்" என்று சொல்லக் காரணம் இருக்கிறது. 1938-ல் வந்த ஹார்ன்பி டப்ளோவில் மூன்று கம்பிதான், ஆனால் மின்சாரம் டிசி. ஆகவே எஞ்சினின் அடியிலும் பெட்டியின் மூடியிலும் அச்சிட்டிருப்பதைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். நிலைக்காந்தம் வைத்த டிசி மோட்டாருக்கு ஏசி கொடுத்தால் அது உறுமும், நகராது, சூடேறிச் சுருள் கருகிவிடும்.

அடுத்தது பழைய டிரான்ஸ்ஃபார்மர். இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். தண்டவாளத்துக்கு வருகிற மின்சாரம் குறைவானது, விரல் பட்டால் ஒன்றும் ஆகாது. சுவரிலிருந்து டிரான்ஸ்ஃபார்மருக்கு வருகிற மின்சாரம் ஆளைக் கொல்லும். அந்தக் காலத்து ஒயரின் ரப்பர் உறை வருடக் கணக்கில் காய்ந்து, வளைத்தால் பொடிப்பொடியாக உதிரும். உறையில் ஒரு கீறல் தெரிந்தாலும் அதை ஒதுக்கி வைத்துவிட்டு அதே வோல்ட் அளவில் புதிய கன்ட்ரோலர் (ரயிலுக்கு மின்சாரம் கொடுத்து வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பெட்டி) வாங்கிவிடுங்கள். "நாற்பது வருஷமா இதுலதான் ஓட்டினேன்" என்று தாத்தா சொன்னாலும் சரி. பழையதைத் தூக்கிப் போட வேண்டாம், ஒயரை வெட்டிவிட்டு அலமாரியில் அழகுக்கு வையுங்கள். அவர் மனதும் நோகாது.

தகர ரயில்களில் ஈயம் கலந்த பெயிண்ட் இருக்கக்கூடும். சின்னப் பிள்ளைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொண்டு, ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் கை கழுவ வேண்டும்.

பழைய எஞ்சினின் உலோகம் தானாக வெடித்திருக்கிறது. யாரும் கீழே போடவில்லை. என்ன ஆயிற்று?

துத்தநாகக் கலவையில் வார்த்த பாகமாக இருக்கும். வார்க்கும்போது ஈயம் போன்ற மாசு கொஞ்சம் கலந்துவிட்டால், பல வருடம் கழித்து அந்த உலோகம் உள்ளுக்குள்ளேயே அரித்து, உப்பி, விரிசல் விட்டு, கடைசியில் உதிர்ந்துவிடும். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய ரயில்களில் இதை அடிக்கடி பார்க்கலாம். இதற்கு மருந்து கிடையாது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தொற்றவும் தொற்றாது. பிள்ளையைத் திட்டாதீர்கள், தாத்தாவும் தன்னைத் தானே நொந்துகொள்ள வேண்டாம் என்று சொல்லுங்கள். வார்ப்பிலேயே வந்த குறை அது.

ரயில் நின்று நின்று போகிறது. தட்டினால்தான் நகர்கிறது.

பத்தில் ஒன்பது தடவை காரணம் அழுக்கு. தண்டவாளத்திலிருந்து சக்கரம் வழியாக மோட்டாருக்கு மின்சாரம் போகவேண்டும். சக்கரம் தண்டவாளத்தைத் தொடுகிற இடம் ஊசிமுனை அளவுதான். அங்கே கறுப்புப் படலம் படிந்தால் பாதை அடைபட்டுப் போகும். பித்தளைத் தண்டவாளம் சீக்கிரம் கறுக்கும். அதனால்தான் பிற்பாடு நிக்கல் சில்வர் என்கிற உலோகக் கலவைக் கம்பிக்கு மாறினார்கள்.

என் தாத்தா துடைக்கும் விதத்தை இப்போதும் என்னால் அப்படியே சொல்ல முடியும். பழைய பருத்திக் கைக்குட்டையை நான்காக மடிப்பார். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் ஒரு மூலையை மட்டும் நனைப்பார். ஆள்காட்டி விரலைத் துணிக்குள் விட்டு, கம்பியின் மேல்பக்கத்தையும் உள்விளிம்பையும் ஒரே இழுப்பில் ஒரு முழம் துடைப்பார். துணியைத் திருப்பி என்னிடம் காட்டுவார். கறுப்புக் கோடு. அடுத்த முழம். கோடு சாம்பல் நிறமாகி, அப்புறம் மறைந்துபோகும்வரை விடமாட்டார். "அழுக்கு உன் கண்ணுக்குத் தெரியணும் பாப்பா, தெரிஞ்சாதான் கை நிக்காது" என்பார்.

உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். முதல் நாள் பளபளக்கும். ஆனால் நுண்ணிய கீறல்கள் விழுந்து, அவற்றில் அழுக்கு முன்னைவிட வேகமாகத் தங்கும்.

தண்டவாளம் சுத்தம், அப்படியும் ஓடவில்லை என்றால் எஞ்சினைத் திருப்புங்கள். சக்கரங்களை அதே ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால் துடையுங்கள். பல வருடம் ஓடாத எஞ்சினில் கிரீஸ் மெழுகாக இறுகியிருக்கும். அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, பிளாஸ்டிக்கைக் கெடுக்காத மெல்லிய எண்ணெயை ஊசிமுனையில் தொட்டு அச்சு சுழலுகிற இடத்தில் ஒரே ஒரு சொட்டு. சொட்டுகூட இல்லை, ஈரம். ஒருமுறை தாத்தா தூங்கும்போது நான் ஆசையாக எண்ணெய்ப் புட்டியைக் கவிழ்த்தேன். மோட்டாரில் கார்பன் பிரஷ் உரசுகிற வளையமான கம்யூட்டேட்டர் வரை ஊறி, எஞ்சின் நின்றே போனது. அவர் கோபப்படவில்லை. மறுநாள் முழுக்க என்னோடு உட்கார்ந்து ஒவ்வொரு பாகமாகக் கழற்றித் துடைத்தார். எஞ்சினின் உள்ளே என்ன இருக்கிறது என்று நான் கற்றுக்கொண்டது அன்றைக்குத்தான்.

புதிதாக வாங்குகிறோம். எந்த அளவு நல்லது?

கண்ணையும் விரலையும் பார்த்து முடிவு செய்யுங்கள். எச்ஓ என்பது நிஜ ரயிலை 87-ல் ஒரு பங்காகச் சுருக்கியது, தண்டவாள அகலம் 16.5 மில்லிமீட்டர். உலகத்தில் அதிகம் பேர் வைத்திருப்பது இதுதான், உதிரிபாகமும் எளிதில் கிடைக்கும். 'என்' அளவு 160-ல் ஒரு பங்கு, தண்டவாளம் 9 மில்லிமீட்டர். இடம் மிச்சம், ஆனால் எழுபது வயதுக் கைக்கும் ஆறு வயதுக் கைக்கும் அந்தப் பெட்டியைத் தண்டவாளத்தில் ஏற்றுவது பெரும் சோதனை. 1972-ல் மேர்க்லின் கொண்டுவந்த 'இசட்' இன்னும் சிறியது, 220-ல் ஒரு பங்கு. பார்க்கக் கொள்ளை அழகு. தாத்தாவும் பேரனும் சேர்ந்து ஓட்ட அது வேண்டாம் என்பது என் எண்ணம்.

இடம் இருந்தால் இவற்றைவிடப் பெரிய 'ஓ' அளவோ, 45 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் ஓடும் 'ஜி' அளவோ வயதான கைக்கு இதமாக இருக்கும். தடவிப் பார்த்தே சக்கரம் உட்கார்ந்துவிட்டதா என்று தெரியும். வீட்டில் ஏற்கெனவே ஓர் அளவு இருந்தால் மறுயோசனை வேண்டாம், அதையே தொடருங்கள். அவருடைய பெட்டியும் உங்கள் பெட்டியும் ஒரே ரயிலில் கோத்து ஓடுவதற்கு ஈடு எதுவும் இல்லை.

எந்த வயதில் பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளலாம்?

மூன்று வயதுக்குள் என்றால் மர ரயில்தான். சுவீடனின் பிரியோ நிறுவனம் 1958-லிருந்து அதைச் செய்துவருகிறது. வாயில் போகிற அளவுக்குச் சின்னப் பாகம் எதுவும் எட்டும் தூரத்தில் இருக்கக்கூடாது. கழன்று விழுந்த காந்தமும் பட்டன் பேட்டரியும் வயிற்றுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து, அவை கழன்று கிடப்பதைப் பார்த்த நிமிடமே எடுத்து அப்புறப்படுத்துங்கள்.

நான்கு, ஐந்து வயதில் தாத்தா மடியில் உட்கார்ந்து கன்ட்ரோலரின் குமிழைத் திருப்பலாம். ஏழெட்டு வயதில் பெட்டி கோக்கலாம், பாயிண்ட் மாற்றலாம். பத்துக்கு மேல் பக்கத்தில் பெரியவர் இருக்க ஒயரைச் சால்டரிங் செய்து பற்றவைக்கலாம். வயதைவிடப் பிள்ளையின் பொறுமை முக்கியம். அது உங்கள் வீட்டுப் பிள்ளை, உங்களுக்குத்தான் தெரியும்.

தாத்தா யாரையும் தொடவே விடுவதில்லை. பிள்ளை அழுகிறான்.

இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. தன் கையால் ஐம்பது வருடம் காத்த பொருள். அது உடைந்தால் அதே மாதிரி இன்னொன்று கிடைக்காது. பிள்ளைக்கோ பார்த்துக்கொண்டே இருக்க முடியாது.

எங்கள் வீட்டில் இப்படி ஒரு வழி செய்தோம்: பிள்ளைக்கென்று விலை குறைந்த ஓர் எஞ்சின், இரண்டு வேகன். அது அவனுடையது. கீழே விழலாம், இடிக்கலாம். தாத்தாவின் எஞ்சின் தாத்தாவுடையது, அதை ஓட்ட அவரிடம் கேட்கவேண்டும். அப்புறம் ஒரு வேலை, ஒரே ஒரு வேலை, முழுக்கப் பிள்ளையின் பொறுப்பு. என் சின்ன வயதில் எனக்குக் கிடைத்தது பாயிண்ட். நான் பாயிண்டை மாற்றிவிட்டு "ரெடி" என்று சொல்லாமல் தாத்தா ரயிலை எடுக்கமாட்டார். ஒருநாள் சொல்ல மறந்து வாசலில் விளையாடப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது ரயில் ஸ்டேஷனிலேயே நின்றுகொண்டிருந்தது. தாத்தா நாற்காலியில் உட்கார்ந்து காத்திருந்தார். அன்றைக்கு என் வேலை நிஜமான வேலை என்று எனக்குப் புரிந்தது.

வளைத்துத் திரும்பி அதே பாதையில் சேர்கிற மாதிரி ஒரு வளையம் போட்டோம். உடனே கரண்ட் நின்றுவிட்டது. ஏன்?

இதைப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கத் தாத்தாவிடம் விட்டுவிடுங்கள், அருமையான பாடம். ஒரு தாளில் தண்டவாளத்தை இரண்டு கோடாக வரையுங்கள். இடது கம்பி சிவப்புப் பென்சில், வலது கம்பி நீலம். விரலால் வளையத்தைச் சுற்றிக்கொண்டே வந்து பழைய பாதையில் சேரும்போது சிவப்பு போய் நீலத்தில் முட்டும். அதுதான் ஷார்ட் சர்க்யூட். வளையத்தின் இரண்டு முனையிலும் இரண்டு கம்பிகளையும் வெட்டி, இடையில் மின்சாரம் கடக்காத பிளாஸ்டிக் இணைப்பு போட்டு, வளையத்துக்குள் ரயில் இருக்கும்போது துருவத்தை மாற்ற ஒரு சுவிட்ச் வைக்கவேண்டும். நடுவில் புள்ளி வைத்த மேர்க்லின் தண்டவாளத்தில் இந்தத் தொல்லையே இல்லை, ஏனென்றால் அங்கே வெளிக்கம்பி இரண்டும் ஒரே துருவம். "ஏன் தாத்தா?" என்று பிள்ளை கேட்டால் இன்னொரு தாள் எடுக்கவேண்டியதுதான்.

என் பிள்ளைக்கு வேகம்தான் வேண்டும். தாத்தாவுக்கோ மெதுவாக ஊர்ந்து போகவேண்டும். தினமும் சண்டை.

சண்டையைக் கணக்காக மாற்றுங்கள். தண்டவாளத்தில் ஒரு மீட்டர் நீளத்தை அளந்து இரண்டு முனையிலும் காகிதம் ஒட்டுங்கள். எஞ்சின் அதைக் கடக்க எத்தனை விநாடி என்று பிள்ளை எண்ணட்டும். எச்ஓ ரயிலானால் 313-ஐ அந்த விநாடியால் வகுத்தால் நிஜ ரயில் கணக்கில் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று வரும். 87-ஐயும் 3.6-ஐயும் பெருக்கினால் கிடைக்கிற எண் அது. 'என்' அளவுக்கு 576.

ஒரு மீட்டரை ஒரு விநாடியில் கடந்தால் மணிக்கு 313 கிலோமீட்டர். நீராவி எஞ்சின் எதுவும் அந்த வேகத்தைத் தொட்டதில்லை. 1938-ல் இங்கிலாந்தின் மல்லார்ட் எஞ்சின் தொட்ட மணிக்கு 203 கிலோமீட்டர்தான் இன்றுவரை நீராவி எஞ்சினுக்குச் சாதனை. சரக்கு ரயில் 60 கிலோமீட்டரில் போகவேண்டும் என்றால் அந்த ஒரு மீட்டருக்கு ஐந்து விநாடிக்கும் மேல் ஆகவேண்டும். என் மகன் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகு அவனே குமிழை மெல்லத் திருப்ப ஆரம்பித்தான். நிறுத்துகிறபோது ஸ்டேஷன் மேடைக்கு நேராகப் பெட்டி நிற்கவேண்டும் என்பது இப்போது அவனுடைய பிடிவாதம். அவ்வப்போது ஐந்து நிமிடம் முழு வேகத்தில் ஓட்டவும் விடுங்கள், வளைவில் கவிழாத பெட்டியோடு.

வீட்டில் இடமே இல்லை.

எச்ஓ வட்டம் போட்டால் பலகை ஏறக்குறைய 90 சென்டிமீட்டர் அகலம் வேண்டும், உண்மைதான். ஆனால் வட்டம் போட்டே தீரவேண்டும் என்று யார் சொன்னது? இங்கிலாந்தின் ஆலன் ரைட் என்பவர் யோசித்த இங்கிள்நுக் என்று ஒரு ஷண்டிங் விளையாட்டு, அதாவது வேகன்களை முன்னும் பின்னும் நகர்த்தி வரிசை மாற்றுகிற விளையாட்டு, இருக்கிறது. மூன்று கிளைப் பாதைகள். ஒன்றில் ஐந்து வேகன் நிற்க இடம் இருக்கும், மற்ற இரண்டில் மூன்று மூன்று வேகனுக்கு இடம். எஞ்சின் முன்னும் பின்னும் போகிற பாதையில் எஞ்சினோடு மூன்று வேகன்தான் கொள்ளும். மொத்தம் எட்டு வேகன். சீட்டுக் குலுக்கி ஐந்து வேகனின் பெயரை வரிசையாக எடுக்கவேண்டும். அந்த வரிசைப்படி ஐந்தையும் நீளமான கிளையில் கோத்து நிறுத்தவேண்டும். 6,720 வித வரிசைகள் வரும், ஆயுளுக்கும் போதும். சின்ன எஞ்சினும் சின்ன வேகன்களும் என்றால் ஐந்தடிக்கு ஓரடிப் பலகையில் அடக்கலாம். ஆட்டம் முடிந்ததும் கட்டிலுக்கடியில் தள்ளிவிடலாம்.

தாத்தாவும் பேத்தியும் விளையாட இதைவிட நல்லதை நான் பார்த்ததில்லை. இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே புதிரைப் பார்க்கிறார்கள். ஒருவர் தவறவிட்ட நகர்வு மற்றவர் கண்ணில் படும்.

தாத்தாவுக்குக் கை நடுக்கம், கண் மங்கல். அவரால் முடியுமா?

முடியும், பலகையை அவருக்கு ஏற்ற மாதிரி அமைத்தால். நாற்காலியில் உட்கார்ந்தபடி முழங்கை பலகை மேல் ஊன்றுகிற உயரம் வேண்டும். அறுபது சென்டிமீட்டருக்கு அப்பால் எதையும் வைக்காதீர்கள், எட்டிக் கைநீட்டும்போதுதான் நடுக்கம் கூடும். பெட்டியைத் தண்டவாளத்தில் ஏற்றச் சரிவான பிளாஸ்டிக் தட்டு ஒன்று கிடைக்கும். அதன் மேல் வைத்து மெல்லத் தள்ளினால் சக்கரம் தானாக உட்காரும். கன்ட்ரோலரில் சின்னக் குமிழ் இருந்தால் அதன்மேல் அகலமான மூடி ஒன்றை ஒட்டிவிடுங்கள். விளக்கு தலைக்கு மேலே வேண்டாம், பக்கவாட்டில் இருந்தால் தண்டவாளத்தின் நிழல் விழுந்து கம்பி தெளிவாகத் தெரியும்.

பாடகர் நீல் யங் பெரிய மாடல் ரயில் ரசிகர். அவருடைய மகனுக்குப் பெருமூளை வாதம். விரலால் குமிழைத் திருப்ப முடியாத அந்தப் பிள்ளையும் ரயில் ஓட்டவேண்டும் என்று, பெரிய பொத்தானை அழுத்தினாலே போதும் என்கிற மாதிரி ஒரு கட்டுப்பாட்டு முறையை உருவாக்கினார். அது லயனல் ரயில்களோடு அவர் சேர்ந்து வேலை செய்யவும் வழிவகுத்தது. கை ஒத்துழைக்காத ஒருவருக்காக யோசித்தது பின்னால் எல்லோருக்கும் பயன்பட்டது.

கைக்கு வேலை குறைந்தால் காதுக்கு வேலை கொடுங்கள். கடைசி இரண்டு வருடம் என் தாத்தாவுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. மேசையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, "மூணாவது பெட்டியில ஒரு சக்கரம் தட்டுது, பாரு" என்பார். பார்ப்பேன், அச்சு ஒரு பக்கம் நழுவியிருக்கும்.

டிஜிட்டலுக்கு மாற்றிவிட்டால் பிள்ளைக்கு ஆர்வம் வருமோ?

பழைய டிசி முறையில் தண்டவாளத்தில் எவ்வளவு வோல்ட் கொடுக்கிறோமோ அதற்கேற்ப எஞ்சின் ஓடும். ஒரே பாதையில் இரண்டு எஞ்சின் வைத்தால் இரண்டும் சேர்ந்தே நகரும். டிசிசி என்கிற டிஜிட்டல் முறையில் தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்சாரம் இருக்கும், அதோடு கட்டளையும் போகும். ஒவ்வொரு எஞ்சினுக்குள்ளும் ஒரு சில்லு, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். தனித்தனியாக ஓட்டலாம், விளக்கு, விசில் எல்லாம் உண்டு. பிள்ளைகளுக்கு நிச்சயம் பிடிக்கும்.

ஆனால் தாத்தாவின் எஞ்சினை வெட்டிச் சில்லு பொருத்தாதீர்கள். பல பழைய எஞ்சின்களில் மோட்டார் உலோகச் சட்டத்தோடு நேரடியாகத் தொடர்புடையது, அதைப் பிரித்து எடுக்கவேண்டியிருக்கும். அப்புறம் அது பழைய எஞ்சின் அல்ல. தனியாக இன்னொரு பாதை போட்டு அதில் டிஜிட்டல் வையுங்கள். வெளிப்பாதை தாத்தாவுக்கு, உள்பாதை பிள்ளைக்கு. பிள்ளை அவருக்குச் சொல்லிக்கொடுக்கிற முறையும் அப்படியே வந்துசேரும்.

தாத்தா வேறு ஊரில் இருக்கிறார். வருடத்துக்கு ஒருமுறைதான் சந்திப்போம்.

ஒவ்வொரு வேகனுக்கும் ஒரு சீட்டு எழுதுங்கள்: எங்கே ஏற்றியது, எங்கே இறக்கவேண்டும், என்ன சரக்கு. தாத்தா போனில் டிராஃபிக் கன்ட்ரோலராக இருக்கட்டும். "மரக்கட்டை வேகனை இரண்டாவது கிளைக்கு அனுப்பு, வழியில் எண்ணெய் டேங்கரைக் கழற்று" என்று அவர் சொல்ல, பிள்ளை செய்து முடித்து "ஆச்சு" என்று சொல்லவேண்டும். படம் தெரியாமல் குரலில் மட்டும் செய்துபாருங்கள், இன்னும் நன்றாக இருக்கும். அவர் மனதில் பாதை முழுக்க ஓடும். சந்திக்கிற நாளுக்கு இருவரும் ஒரே அளவுப் பலகையில் ஆளுக்கொரு துண்டு செய்து வந்து கோத்துப் பார்க்கலாம். இணைகிற முனையில் தண்டவாளத்தின் உயரமும் இடமும் முன்கூட்டியே பேசி வைத்தால் போதும்.

எங்கள் வீட்டில் ரயில் பிடித்தது பாட்டிக்குத்தான். அதற்கும் இதே பதிலா?

ஆமாம், எல்லாமே. பாட்டியைப் "புல்லும் மரமும் ஒட்டுகிற வேலைக்கு" என்று ஒதுக்கிவிடாதீர்கள், அவர் கேட்டால் தவிர. கன்ட்ரோலரை முதலில் அவர் கையில் கொடுங்கள்.

இதைச் சாக்காக வைத்து அவருடைய பழைய கதைகளைக் கேட்க ஆசை. கேட்டால் "ஒண்ணுமில்ல" என்கிறார்.

எதிரில் உட்கார்ந்து கேட்காதீர்கள். கை வேலையில் இருக்கும்போது, இருவரின் கண்ணும் எஞ்சின் மேல் இருக்கும்போது, கதை தானாக வரும். கேள்வியும் சின்னதாக இருக்கட்டும். "உங்க வாழ்க்கையைப் பத்திச் சொல்லுங்க" என்றால் யாருக்கும் வாய் வராது. "இந்தப் பெட்டியோட மூலை எப்படி நசுங்கிச்சு?" என்று கேளுங்கள்.

நான் அப்படிக் கேட்டதற்குத் தாத்தா திருகாணியை முடுக்கிக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல், தனக்கு ஒரு தம்பி இருந்தான் என்று சொன்னார். அதுவரை எங்கள் யாருக்கும் தெரியாது. அந்தப் பெட்டியைத் தம்பிதான் ஜன்னலிலிருந்து கீழே போட்டானாம், அவனை இவர் அடித்தாராம். அடுத்த மழைக்காலத்தில் தம்பி காய்ச்சலில் போய்விட்டான். அந்த நசுங்கலை அவர் கடைசிவரை நிமிர்த்தவில்லை.

கதை வந்தால் அன்று இரவே எழுதி வையுங்கள். அவர் முன்னால் போனை நீட்டிப் பதிவு செய்யாதீர்கள், பேச்சு நின்றுவிடும்.

தாத்தாவுக்கு மறதி நோய் ஆரம்பித்திருக்கிறது. தொடரலாமா?

தொடருங்கள். பெயரும் தேதியும் போன பிறகும் கை பழகிய வேலை பல நாள் தங்கும். அல்சைமர் நோயிலும் இது பலரிடம் காணக்கூடியது. "ஞாபகம் இருக்கா?" என்று கேட்கவே கேட்காதீர்கள், அது பரீட்சை வைப்பதுபோல் ஆகிவிடும். துணியைக் கையில் கொடுத்துத் தண்டவாளத்தை முன்னால் வையுங்கள். பாதையை எளிமையாக்குங்கள்: ஒரு வட்டம், ஒரு ரயில், மெதுவான ஓட்டம். மாலையில் களைப்பாகத் தெரிந்தால் நிறுத்திவிடுங்கள். கொக்கியை மாட்டத் தெரியாமல் அவர் தடுமாறினால் வாங்கிச் செய்யாமல், உங்கள் பெட்டியின் கொக்கியைப் பக்கத்தில் மெதுவாக மாட்டிக் காட்டுங்கள். பார்த்துச் செய்துவிடுவார். செய்யாவிட்டாலும் பரவாயில்லை, ரயில் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம்.

தாத்தா போய்விட்டார். அந்த ரயிலை என்ன செய்வது?

உடனே எதுவும் செய்யவேண்டாம். விற்பதானாலும் ஒரு வருடம் போகட்டும். அவர் எழுதிய சீட்டு, ரசீது, அட்டைப்பெட்டி எதையும் வீசாதீர்கள். வாங்குபவருக்கும் அந்தப் பெட்டிக்கு மதிப்பு உண்டு, உங்களுக்கு அதைவிட அதிகம். எடுத்து வைக்கும்போது ஸ்பாஞ்சில் பொதியாதீர்கள். வருடம் போகப் போக அது பிசுபிசுத்துப் பெயிண்டோடு ஒட்டிக்கொள்ளும். பருத்தித் துணியோ அமிலமில்லாத மெல்லிய தாளோ போதும். ஈரமில்லாத, அதிகம் சூடேறாத இடம் பார்த்து வையுங்கள். பரண் வேண்டாம்.

சில மாதத்துக்கு ஒருமுறை எடுத்து ஓட்டுங்கள். கிரீஸ் இறுகாது, சக்கரத்தின் ரப்பர் வளையம் ஒரே இடத்தில் அழுந்திக் கெடாது. நான் தாத்தா இறந்து ஏழு மாதம் பெட்டியைத் திறக்கவில்லை. திறந்த அன்று முதலில் கைக்குட்டையை நான்காக மடித்தேன். என் மகன் அப்போது நடக்கக்கூட ஆரம்பிக்கவில்லை, அப்பாவின் தோளில் இருந்தான். மூன்று சுற்று கழித்து அப்பா மேசையில் உள்ளங்கையை வைத்து, "மூணாவது பெட்டி தட்டுது" என்றார்.